நிலைவாசலுக்கு அடியில் ரோமாபுரிக் காசு

போன வாரம் சனிக்கிழமை காலை பத்தரை மணி. ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் கட்டிக்கொண்டிருக்கிற சொந்த வீட்டு வாசலில், சட்டைக்குள் ஒரு உளியை ஒளித்துக்கொண்டு நின்றேன்.

திருட வரவில்லை. என் வீடு, என் வாசல். முந்தின நாள்தான் நல்ல நேரம் பார்த்து நிறுத்திய தேக்கு நிலை. அதைப் பெயர்த்து எடுக்க வேண்டும் — மனைவிக்குத் தெரியாமல், கொத்தனாருக்குக் காரணம் புரியாமல், சாயந்திரம் ஐந்து மணிக்குள்!

பைத்தியமா என்று கேட்கிறீர்களா? கேளுங்கள். இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். எனக்குக் கோபம் சட்டென்று வரும். பொய் அதைவிடச் சட்டென்று வரும். அந்த இரண்டாவது விஷயம்தான் இந்த வாரக் கதை.

நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஸ்டோர்ஸ் பார்க்கிறவன். அதே மில்லில் ஞானராஜ் ஃபிட்டர். செட்டியார்பட்டிக்காரர். ஐ.டி.ஐ. படிப்பு. அவருடைய டூல் பாக்ஸைத் திறந்தால் மூடியின் உள்பக்கம் கிரேக்க எழுத்து இருபத்து நாலும் ஒரு பேப்பரில் ஒட்டியிருக்கும். ஸ்பானருக்கு மேலே ஆல்ஃபா, பீட்டா. ஏன்? எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கிறுக்கு. ரோமாபுரி மாகாணக் காசு சேர்க்கிற கிறுக்கு.

அதென்ன மாகாணக் காசு? சுருக்கமாகச் சொல்கிறேன். சக்கரவர்த்தி ரோமில் உட்கார்ந்து தங்கமும் வெள்ளியும் அடித்தார். கடைத்தெருச் சில்லறைக்கு என்ன செய்வது? கிழக்கே சிரியா, எகிப்து பக்கத்து ஊர்கள் தாங்களே வெண்கலத்தில், கிரேக்க எழுத்தில் அடித்துக்கொண்டன. ஒரு பக்கம் ராஜா தலை இருந்தாக வேண்டும். மறுபக்கம் ஊர் இஷ்டம்! எங்கள் ஊர்க் கோயில், எங்கள் ஊர் ஆறு, எங்கள் ஊர் அம்மன் என்று ஒவ்வொரு சின்ன ஊரும் பெருமை அடித்துக்கொள்ளும். நம் பக்கத்துக்கு அந்த உரிமை கிடைத்திருந்தால்? ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தை அடித்திருக்கும். ராஜபாளையம் வேட்டை நாயை அடித்திருக்கும். இந்தச் சின்ன ஊர்த் திமிர் இருக்கிறதே... அதுதான் எங்கள் இரண்டு பேரையும் கவிழ்த்தது.

உடனே ஒரு வாசகர், "புதையலா சார்?" என்று கேட்பார். இல்லை. மண்ணில் கிடைத்தால் அது கலெக்டர் ஆபீஸுக்குப் போக வேண்டிய சமாச்சாரம். நாங்கள் வாங்குவதெல்லாம் பில்லோடு, கூரியரில்.

ஞானராஜிடம் இருப்பது மொத்தமே பதினோரு காசு. அதில் ஒன்று அவருக்கு உயிர். சிரியாப் பக்கத்து வெண்கலம். ஒரு ரூபாயை விடக் கொஞ்சம் பெரிசு, கறுப்பும் பச்சையுமாக ஒரு நிறம். பின்பக்கம் ஊர்த் தெய்வம் ஒரு பாறைமேல் உட்கார்ந்திருக்கிறாள். தலையில் கிரீடத்துக்குப் பதில் அந்த ஊர்க் கோட்டைச் சுவர். காலடியில் அந்த ஊர் ஆறு, ஒரு வாலிபனாக நீந்திக்கொண்டு போகிறது. ஓரத்தில் ஊர்ப் பெயர் இருந்த இடத்தில் மூன்றே எழுத்து மிச்சம். அந்த மூன்று எழுத்தை வைத்துக்கொண்டு ஊரைக் கண்டுபிடிக்க ஆறு வருஷம் மண்டையை உடைத்தார் மனுஷன். கண்டும் பிடித்தார்.

இது எப்படியோ மதுரையில் ஒரு கல்லூரி வரலாற்று டிபார்ட்மெண்ட் காதுக்குப் போய்விட்டது. திங்கட்கிழமை வந்து மாணவர்களிடம் பேசச் சொல்லிக் கடிதம் வந்தது. ஃபிட்டர் ஞானராஜுக்கு! மில் கேன்டீனில் என்னை உட்கார வைத்து நாலு தடவை பேசிப் பார்த்தார். பேச்சு பூராவும் அந்த ஒரு காசைப் பற்றித்தான். கடைசியில் காசை எடுத்து, "இதுதான் அந்த மூணு எழுத்து" என்று பிள்ளைகள் கையில் கொடுப்பதாக ஏற்பாடு. புதுச் சட்டைகூடத் தைக்கக் கொடுத்திருந்தார்.

அந்தக் காசை நான் கேட்டேன். இந்தப் பத்தியில் எழுதுவதற்கு, லென்ஸ் வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டேன்.

அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "யார் கையிலயும் குடுத்ததில்ல அண்ணாச்சி."

"ஒரு வாரம் ஞானராஜ். என்னை நம்ப மாட்டீங்களா?"

இப்படி ஒரு கேள்வியை யாராவது கேட்டால், தயவுசெய்து நம்பாதீர்கள். அவர் நம்பினார். "சனிக்கிழமை சாயந்திரம் அஞ்சு மணிக்கு வந்து வாங்கிக்கிறேன்" என்று ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, இரண்டு கையாலும் கொடுத்தார்.

நான் அதைப் பத்திரமான இடத்தில் வைத்தேன். ராஜபாளையம் வாடகை வீட்டில் எது பத்திரமான இடம்? பூஜை அலமாரி. விபூதித் தட்டுக்குப் பின்னால் வைத்தால் யார் கையும் படாது என்பது என் கணக்கு. என் மனைவி வடிவு பழைய ஓட்டைக் காலணாவெல்லாம் போட்டு வைத்திருக்கிற பித்தளைக் கிண்ணமும் அங்கேதான் இருந்தது. அது என் மண்டையில் ஏறவில்லை.

இப்போது என் பொய்க்கு வருகிறேன்.

இருபது வருஷமாக வீட்டுக்குக் கூரியர் வருகிறது. ஒவ்வொரு தடவையும் வடிவு, "என்னது இது?" என்பாள். ஒவ்வொரு தடவையும் நான், "செல்லாக் காசு. பழைய செம்பு. எடைக்குப் போட்டாக்கூட ஒருத்தனும் வாங்க மாட்டான்" என்பேன். காசு சேர்க்கிற ஆண்பிள்ளை எவனும் வீட்டில் விலையைச் சொன்னதாகச் சரித்திரம் கிடையாது. சொன்னால் சோறு கிடைக்குமா?

அவளும் நம்பினாள். பாவம்.

வெள்ளிக்கிழமை நிலை வைப்பு. எங்கள் பக்கம் நிலை நிறுத்தும்போது அதன் கால் இறங்குகிற குழியில் சில சாமான் போடுவார்கள். கொத்தனார் மாரியப்பன் முந்தின நாளே வடிவிடம் பட்டியல் சொல்லியிருக்கிறார். "நவரத்தினக் கல்லு பாக்கெட் ஒண்ணு, நவதானியம், குந்துமணியளவு தங்கம், ஒரு பழைய செம்புக் காசு. காசு எம்புட்டுப் பழசோ அம்புட்டு நல்லதுக்கா."

எம்புட்டுப் பழசோ அம்புட்டு நல்லது! ஓட்டைக் காலணா நூறு வருஷம்கூடத் தாண்டாது. வடிவு பார்த்தாள். பக்கத்தில் டப்பாவில் அதைவிடப் பழசாக, கறுப்பாக, மூக்கு தேய்ந்த ஒரு ராஜாவோடு ஒன்று கிடந்தது. வீட்டுக்காரர் செல்லாக் காசு என்று சொல்லுகிற சாதிதான். எடுத்து மஞ்சள் துணியில் முடிந்துகொண்டாள்.

நிலை நிறுத்தும்போது நானும் அங்கேதான் இருந்தேன். ஒரு பக்கம் நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வடிவு முடிச்சைக் குழியில் போட்டாள். பால் ஊற்றினாள். மாரியப்பன் கலவையைக் கொட்டினார். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஞானராஜின் உயிர் மண்ணுக்குள் போகிறது, நான் பக்தியோடு கும்பிடு போடுகிறேன்!

மத்தியானம் மூன்று மணிக்கு வீடு திரும்பி, போட்டோ எடுக்கலாம் என்று டப்பாவை எடுத்தேன். லேசாக இருந்தது. திறந்தேன்.

காலி! விபூதித் தட்டைத் தூக்கிப் பார்த்தேன். கிண்ணத்தைக் கவிழ்த்தும் பார்த்தேன்.

"வடிவு, இந்த டப்பால ஒண்ணு இருந்துச்சே?"

"அதுவா? நிலைக்கு வச்சேன். செல்லாக் காசுன்னுதான சொல்லுவீக. ஏன்?"

அந்த நொடியில் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். கலவை இன்னும் முழுசாக இறுகியிருக்காது, லேசாக எடுத்திருக்கலாம். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். இருபத்து மூன்று வருஷத்தில் ஏழு வாடகை வீடு. ஆணி அடிக்காதே, தண்ணியைக் கொட்டாதே என்று ஏழு வீட்டுக்காரர்களின் ஏச்சு. காலையில் நிலை நின்றதும் இரண்டு கையாலும் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தவள் அவள். நிறுத்தின நிலையை அசைத்தால் வீட்டுக்கு ஆகாது என்று எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். அவளிடம் போய், "நிலையைப் பிடுங்கணும், நான் இருபது வருஷமாப் பொய் சொல்லிக்கிட்டு இருந்தேன்" என்று எப்படிச் சொல்ல?

"ஒண்ணுமில்ல. சும்மாதான் கேட்டேன்" என்றேன்.

அன்று ஆறு மணிக்குப் போன். ஞானராஜ்.

"அண்ணாச்சி, காசு பத்திரமா இருக்குல்லா?"

"ரொம்பப் பத்திரமா இருக்கு. யாரும் அசைக்க முடியாத இடத்துல வச்சிருக்கேன்."

அவர் சந்தோஷமாகச் சிரித்தார்.

சனிக்கிழமை காலை. வடிவிடம் மில்லில் அவசர வேலை என்றேன். மில்லுக்குப் போன் போட்டு லீவு என்றேன். இரண்டு பொய்யையும் கட்டிக்கொண்டு பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேர்ந்தால், மாரியப்பன் நிலைக்கு இரண்டு பக்கமும் செங்கல் வரிசை போட ஆரம்பித்திருந்தார். மூன்று வரிசை ஏறிவிட்டது. இன்னும் இரண்டு மணி நேரம் போனால் சுவரையே இடிக்க வேண்டி வரும்.

"மாரியப்பன், நிறுத்துங்க! நிலை சாஞ்சிருக்கு."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். முகம் கறுத்துவிட்டது. தூக்குக்குண்டை எடுத்து நிலையின் ஓரமாகத் தொங்கவிட்டார். நூல் மயிரிழை விலகவில்லை. ரசமட்டத்தை எடுத்து மேலே வைத்தார். குமிழி நட்டநடுவில் போய் நின்று என்னைப் பார்த்தது.

"முப்பது வருஷமா நிலை வைக்கேன் சார். எங்க சாஞ்சிருக்கு? கையை வச்சுக் காட்டுங்க."

"அது வந்து... சாயல. ஆனா ஒரு அடி கிழக்க தள்ளணும். வாஸ்து."

"வாஸ்து பாத்து நீங்கதான சார் கயிறு பிடிச்சீங்க?"

சித்தாள் வேலை பார்க்கிற அம்மா ஒருவர் வாயை முந்தானையால் மூடிக்கொண்டு சிரித்தார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "வீடு எனக்கா உங்களுக்கா? எடுங்கன்னா எடுங்க!" என்று கத்தினேன். மாரியப்பன் கத்தவில்லை. "அக்காட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன்" என்று போனை எடுத்துக்கொண்டு வேப்பமரத்துப் பக்கம் போய்விட்டார்.

தொலைந்தது! ராஜபாளையத்தில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் வடிவு இங்கே நிற்பாள்.

அவர் பேசி முடித்து வந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கும்போதே என் போன் அடித்தது. ஞானராஜ்.

"அண்ணாச்சி, மில்லுல கேட்டேன், லீவுன்னாங்க. டெய்லர்ட்ட சட்டை வாங்க ஸ்ரீவில்லிபுத்தூர்லதான் நிக்கேன். நீங்க சைட்டுல இருப்பீகளோன்னு மதினிக்குப் போன் போட்டேன், ஆமான்னாக. காசைக் கையில வச்சிருக்கீகல்லா? பட்டன் வச்சுக் குடுத்ததும் அங்கயே வாரேன். ஒரு மணி நேரந்தான்."

சரி, இருக்கிற நேரத்தில் ஏதாவது செய்தாக வேண்டும். எல்லோரையும் டீ குடிக்க அனுப்பினேன். கையில் பணம் கொடுத்து, வடையும் சாப்பிட்டு வரச் சொன்னேன். அவர்களைக் கிளப்பவே கால் மணி நேரம் ஆனது. தெரு முனையில் அவர்கள் திரும்பியதும் உளியை எடுத்தேன். நிலையின் இடது காலடியில் உட்கார்ந்து, சுத்தியலால் ஓங்கி ஒரு அடி. கலவை உதிரவில்லை. இன்னொன்று. ஒரு சில்லு தெறித்துக் கண்ணுக்குக் கீழே பட்டது. மூன்றாவது அடிக்கு நிலை லேசாக அதிர்ந்தது. மேலே கட்டியிருந்த மாவிலை ஒன்று என் தலையில் விழுந்தது. நிலை சாய்ந்தால் என் மேல்தான் சாயும். ஆப்பு அசைத்த குரங்கின் நிலைமை என்னவென்று அன்றைக்குத்தான் புரிந்தது.

"என்ன செய்றீக?"

திரும்பினேன். வடிவு. கையில் பர்ஸ், காலில் வீட்டுச் செருப்பு. போன் வந்ததும் போட்டது போட்டபடி ஆட்டோ பிடித்து வந்திருக்கிறாள்.

சுத்தியல் ஒரு கையில், உளி ஒரு கையில். இனி என்ன பொய் சொல்ல? யோசித்துப் பார்த்தேன், வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். உட்கார்ந்தபடியே, மாவிலை தலையில் இருந்தபடியே சொன்னேன்.

எம்புட்டு விலை என்று கேட்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"அது யார் காசு?"

"ஞானராஜோடது. திங்கக்கிழமை மதுரைக்குக் கொண்டு போகணும்."

"அப்ப... இம்புட்டு வருஷமா வீட்டுக்கு வந்ததெல்லாம்?"

"செல்லாக் காசு இல்ல வடிவு."

செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டாள். நிலையைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த ஐந்து நிமிஷம் இருக்கிறதே... வேண்டாம், எதிரிக்குக்கூட வேண்டாம்.

மாரியப்பனும் ஆட்களும் திரும்பி வந்தார்கள். வடிவு எழுந்து சேலையைத் தட்டிவிட்டாள்.

"நிலைய எடுங்க மாரியப்பன்."

"அக்கா! நிறுத்துன நிலைய அசைக்கக் கூடாதுக்கா. அதுவும் சனிக்கிழமை. வீட்டுக்கு ஆகாது."

"அடுத்த வீட்டுப் பொருளக் காலுக்கு அடியில வச்சுக்கிட்டு, அதத் தாண்டித் தாண்டி நான் உள்ள போனா மட்டும் ஆகுமா?" அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "எடுங்க. பாவம் வந்தா என் தலையில வரட்டும்."

பர்ஸிலிருந்து சூடத்தை எடுத்து, நிலைக்கு முன்னால் ஒரு செங்கல்மேல் வைத்து ஏற்றினாள். வரும்போதே சூடத்தோடுதான் வந்திருக்கிறாள்! என்னமோ நடக்கப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கண்ணை மூடிக் கும்பிட்டாள். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை.

மூன்று வரிசைச் செங்கலையும் கழற்றினார்கள். கயிறு கட்டி, நாலு பேர் பிடித்து, "ஏலேலே, மெதுவா, மெதுவா" என்று தூக்கும்போதுதான் ஞானராஜ் உள்ளே வந்தார். கையில் டெய்லர் கடைப் பை. தெரு முனை டீக்கடையிலிருந்து நாலைந்து பேர் வேறு வந்து நின்று, "புதையலாம்ல?" என்று குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன அண்ணாச்சி, வச்ச நிலைய எடுக்கீக?"

நான் வாயைத் திறப்பதற்குள் வடிவு முன்னால் வந்துவிட்டாள்.

"தம்பி, உங்க காசு இதுக்குள்ள இருக்கு. நாந்தான் வச்சேன். தெரியாம வச்சுட்டேன்."

"அவமேல தப்பில்ல ஞானராஜ். எம்மேலதான். நான்தான் அத..." முடிக்க முடியவில்லை.

ஞானராஜ் முகத்தில் ரத்தம் இல்லை. பையை ஓரமாக வைத்தார். குழிக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார். கைக்குட்டையைத் தரையில் விரித்தார்.

நிலை கிளம்பியது. குழியில் கலவை கல்லாக இறுகிக் கிடந்தது. மாரியப்பன் உளியை விளிம்பில் வைத்து மெதுவாகத் தட்டிக்கொண்டே வந்தார். தட்டுகிறார், நிறுத்துகிறார், ஊதுகிறார். மறுபடி தட்டுகிறார். பத்து நிமிஷம் ஆனது. மஞ்சள் துணியின் ஓரம் தெரிந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. "குடுங்க, நான் பாத்து எடுக்கிறேன்" என்று உளியைப் பிடுங்கினேன்.

ஒரே ஒரு தட்டு.

'ணிங்' என்று ஒரு சத்தம். கல்லில் பட்ட சத்தம் இல்லை. எல்லோருக்கும் கேட்டது.

ஞானராஜ் என் கையிலிருந்து உளியை வாங்கித் தள்ளி வைத்தார். விரலாலேயே மிச்சத்தைப் பெயர்த்தார். நகத்தில் ரத்தம் வந்தது, அவர் கவனிக்கவில்லை. முடிச்சை எடுத்து அவிழ்த்தார். நவதானியத்துக்கு நடுவில் காசு கிடந்தது. வடிவு துணியை நாலு மடிப்பாக மடித்து இறுக்கிக் கட்டியிருந்ததால் ராஜா பக்கம் தப்பித்திருந்தது. திருப்பினார். அம்மன் இருந்தாள். கோட்டைக் கிரீடம் இருந்தது. காலடியில் நீந்துகிற வாலிபனின் தோளில் மட்டும், மேலிருந்து கீழாக, பளிச்சென்று புதுப் பித்தளை மாதிரி ஒரு கோடு. என் உளி போட்டது.

அந்த மூன்று எழுத்து? அங்கேதான் துணி நைந்து சிமெண்ட் பால் இறங்கி இறுகியிருந்தது. ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை.

"செத்த புளி போட்டுத் தேச்சா..." என்று வடிவு ஆரம்பித்தாள்.

"வேண்டாம்!" இரண்டு பேரும் ஒரே குரலில் அலறினோம். அன்றைக்கு நாங்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

ஞானராஜ் ஒரு பல்குச்சி கேட்டார். டீக்கடையிலிருந்து வந்தது. தண்ணீரைத் தொட்டுத் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு சிமெண்டைச் சுரண்டினார். புதையல் பார்க்க வந்தவர்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு எழுத்து வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. மூன்றாவது வருவதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

வந்தது. மூன்றும் இருந்தன. ஞானராஜ் அப்படியே தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் "ஞானராஜ்..." என்று அவர் தோளைத் தொட்டேன். அவர் கையை விலக்கவில்லை.

வடிவு மாரியப்பனிடம் பேசிக்கொண்டிருந்தாள். "மறுபடி எப்ப வைக்கலாம்?"

"புதன்கிழமை வச்சிருவோம்க்கா. பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காதும்பாக. புதுசா எல்லாம் வாங்கிருங்க. கல்லு, தங்கம், பழைய காசு."

"ஓட்டைக் காலணா ஒண்ணு வச்சுருவோம்" என்றேன் அவசரமாக.

அப்போதுதான் ஞானராஜ் வாயைத் திறந்தார். காசைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், வெகு மரியாதையாகச் சொன்னார்.

"மதினி, வீட்டுல அண்ணாச்சி பீரோவுல ஒரு பச்சை டப்பா இருக்கும். மூணாவது தட்டு, முதல் காசு. எகிப்துக் காசு. அதுல ஒரு நாகம் படம் எடுத்து நிக்கும். ரொம்பப் பழசு. நிலைக்கு நல்ல ராசி."

"ஞானராஜ்!"

"நாகமா?" வடிவு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "நாகரம்மாவே வந்து நிலைக்குக் காவல் இருந்தா அதவிட என்ன வேணும்?"

வாசகர்களே, அந்த நாகக் காசு எனக்கு என்னவென்று உங்களுக்குத் தெரியாது. நான் பதினாலு வருஷம் தேடி வாங்கினது. படம் எடுத்த பாம்பு, உடம்பைச் சுருட்டிக்கொண்டு, பக்கத்தில் கோதுமைக் கதிரோடு நிற்கும். ஒவ்வொரு செதிலும் எண்ணலாம். என் ஸ்கூட்டரை வித்தேனே, இஞ்சின் போய்விட்டது, அடிமாட்டு விலைக்குத்தான் போனது என்று வீட்டில் சொன்னேனே... இஞ்சின் நன்றாகத்தான் இருந்தது. இதெல்லாம் தெரிந்த ஒரே ஆள் ஞானராஜ். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? கேன்டீனில் உட்கார்ந்து நானேதான் அவரிடம் பெருமையடித்தேன்.

புதன்கிழமை காலை. நிலை மறுபடி கயிறு கட்டி நின்றது. ஞானராஜும் வந்திருந்தார், புதுச் சட்டையில். மதுரைப் பேச்சு நன்றாக நடந்ததாம். காசு நாற்பது பிள்ளைகள் கை மாறித் திரும்பி வந்ததாம்.

"ஒரு பொண்ணு எந்திரிச்சு, 'சார், இந்தப் புதுக் கோடு யார் போட்டது?'ன்னு கேட்டுச்சு. 'எங்க அண்ணாச்சி போட்டது'ன்னேன். 'அவர் எந்த மாகாணத்து ராஜா சார்?'ன்னு கேட்டுச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "ஸ்டோர்ஸ் கீப்பர்னு சொன்னேன்."

சிரித்தார். எனக்கு அப்போதுதான் ஐந்து நாளாகச் சிக்கியிருந்த மூச்சு வெளியே வந்தது.

வடிவு குழிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். புது மஞ்சள் துணி. தங்கம், கல், நவதானியம், நாகம். முடிந்து கையில் வைத்துக்கொண்டு, தலையைத் திருப்பாமல் மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"உண்மையச் சொல்லுங்க. இது எம்புட்டு?"

மாரியப்பன், "நேரமாகுதுக்கா" என்றார்.

குனிந்து அவள் காதில் சொன்னேன். முழு விலையையும் சொன்னேன். ஸ்கூட்டரையும் சொன்னேன்.

அவள் கை நின்றுவிட்டது. கலவைச் சட்டியோடு சித்தாள் அம்மா காத்துக்கொண்டிருந்தார். ஞானராஜ் வேறு பக்கம் பார்த்தார். எனக்கு ஒரு நப்பாசை. இம்புட்டு விலையா, வேண்டாம் என்று திருப்பித் தந்துவிடுவாளோ?

வடிவு முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினாள். "ஒரு தடவையாவது சொன்னீகளே" என்றாள். குழிக்குள் போட்டாள். பால் ஊற்றினாள்.

இந்தத் தடவை நான் கன்னத்தில் போட்டுக்கொண்டது பக்தியால் இல்லை, கை குழிக்குள் போய்விடாமல் இருக்க. கலவை விழுந்தது. நிலை இறங்கியது. மாரியப்பன் என்னைப் பார்த்துக்கொண்டே தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். நூல் மயிரிழை விலகவில்லை.

உங்களில் யாராவது வீட்டுக்குத் தெரியாமல் காசு சேர்க்கிறவர்கள் இருந்தால் ஒன்றே ஒன்று சொல்கிறேன். விலையை இன்றைக்கே சொல்லிவிடுங்கள்... கொத்தனார் வந்து பழைய காசு கேட்பதற்கு முன்னால்!